வால்சால் டூ வாணியம்பாடி... ஒரு ஹெவி மெட்டல் ரூட்!

'ஹெவி மெட்டல்னா என்ன?' உங்க காலேஜ்ல ரெண்டு பேர்கிட்ட இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்க.

கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல கேட்டா, 'ஈயம், பாதரசம், குரோமியம்...' என்று ஆரம்பித்து, அடுத்த நிமிஷமே பாலாற்றங்கரையில வந்து நிப்பாங்க. ஹாஸ்டல் மூணாவது மாடியில, கதவுல மண்டையோடு போஸ்டர் ஒட்டின ரூம்ல கேட்டா, 'உட்காரு மச்சி'னு கையைப் பிடிச்சு இழுத்து, காதுல ஹெட்போனை மாட்டி விட்டுடுவாங்க. அப்புறம் மெஸ் பெல் அடிச்சாகூட உங்களுக்குக் கேட்காது!

வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... இந்தத் தோல் பெல்ட்டைப் பொறுத்தவரை ரெண்டு பதிலுமே கரெக்ட்தான். தோலைப் பதம் பண்ணப் போடற குரோமியம் உப்பும், காதைப் பதம் பார்க்கற கிடாரும் ஒண்ணுக்கொண்ணு சொந்தம்னு சொன்னா சிரிக்காதீங்க. சொந்தம்தான். என்ன... கொஞ்சம் தூரத்துச் சொந்தம். இங்கிலாந்து வரைக்கும் போய்த்தான் சம்பந்தம் பேசணும்.

அதுக்கு முன்னாடி ஒரு பஞ்சாயத்து இருக்கு. தோல் பெல்ட்டிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ படிக்கப் போற பசங்களுக்கு ரெண்டு கிண்டல் கேரண்டி. ஊர்ப் பேரைச் சொன்னதும் பாதிப் பேர் 'ஆஹா, பிரியாணி!'ம்பாங்க. மீதிப் பேர் மூக்கைப் பொத்திக் காட்டுவாங்க. அந்த ஊர்க்காரன் ஒரு அயர்ன் மெய்டன் டி-ஷர்ட் போட்டுக்கிட்டு வந்துட்டா போச்சு. 'உனக்கு எதுக்குடா இந்த பீட்டர் பாட்டெல்லாம்? லிரிக்ஸ் புரியுமா?'

லிரிக்ஸா? டெத் மெட்டல் வரி இங்கிலாந்துல பிறந்தவனுக்கே முதல் தடவை புரியாது பாஸ். அதை விடுங்க. இந்த மியூசிக் யாருக்குச் சொந்தம் என்கிற மேட்டருக்கு வருவோம். கான்வென்ட் பசங்க, ஏசி ரூம், காஸ்ட்லி கிடார் என்று நாமா ஒரு படம் போட்டு வெச்சிருக்கோம். ஒரிஜினல் படம் வேற.

தோல் தொப்பி போட்ட விரல்

1965. இங்கிலாந்தின் நடுவுல இருக்கிற பர்மிங்காம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஃபேக்டரி. டோனி அயோமிக்கு 17 வயசு. உலோகத் தகடு வேலை நடக்கிற ஒரு ஃபேக்டரியில் வேலை. கிடார் நல்லா வாசிப்பார். ஒரு மியூசிக் குரூப்போட வெளிநாடு போற சான்ஸ் வந்ததால வேலையை விடறார். அன்னிக்குத்தான் கடைசி நாள். மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், 'இனிமே எதுக்குத் திரும்பப் போகணும்?' என்று இழுக்க, அம்மா விடலை. ஒழுங்கா போய் வேலையை முடிச்சுட்டு வான்னு அனுப்பிட்டாங்க.

அன்னிக்கு பிரஸ் மெஷின்ல வழக்கமா நிக்கிற ஆள் வரலை. அயோமியை அதுல நிறுத்தறாங்க. மெஷின் இறங்குது. வலது கையில் நடுவிரல், மோதிர விரல்... ரெண்டோட நுனியும் போச்சு.

உங்க வீட்டுல யாராவது ஷூ கம்பெனியில் கிளிக்கிங் செக்‌ஷன்ல இருந்தா அவங்ககிட்ட கேளுங்க. பிரஸ் எப்படி இறங்கும், கையை எப்போ இழுக்கணும்னு அவங்க சொல்லும்போது இந்தக் கதை உங்களுக்குச் சுள்ளுனு புரியும்.

அயோமி இடதுகைக்காரர். அதனால கிடார் கம்பியை அழுத்தறது வலது கை. அதாவது, போனது அவருக்கு வேண்டிய விரல்கள். இனிமே கிடாரைத் தொட முடியாதுன்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. அந்த நேரத்துல ஃபேக்டரி ஃபோர்மேன் ஒரு ரெக்கார்டை எடுத்துக்கிட்டு வந்து போட்டுக் காட்டறார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்கிற ஜாஸ் கிடார் மேதை. தீ விபத்துல கை கருகி, ரெண்டு விரலை வெச்சே பின்னி எடுத்தவர். நம்ம ஆளுக்கு ரோஷம் வந்துடுச்சு.

அப்புறம் நடந்ததுதான் சூப்பர். பாத்திரம் கழுவற லிக்விட் வர்ற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி செஞ்சார். கம்பி மேல வெச்சா வழுக்குது. துணி ஒட்டிப் பார்த்தார், சரிப்படலை. கடைசியில் ஒரு பழைய ஜாக்கெட்லேர்ந்து தோலை வெட்டி ஒட்டினார். பிடி கிடைச்சுடுச்சு!

தொப்பி போட்ட விரலால ரொம்ப அழுத்த முடியாது. அதனால மெல்லிசான கம்பி மாட்டினார். பின்னாடி கிடாரோட சுருதியையே இறக்கினார். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துல சில பாட்டுக்கு மூணு அரைஸ்வரம் கீழ. கம்பி தளர்ந்தது, சத்தம் கனத்தது. அடிவயித்துலேர்ந்து உறுமற அந்த சவுண்டைத்தான் இன்னிக்கு உலகம் பூரா காப்பி அடிக்குது. ஹெவி மெட்டலோட ஆதி கிடார் சத்தம் ஒரு துண்டு தோல் வழியா வந்த சத்தம். ஆம்பூர்க்காரங்களே, நோட் பண்ணிக்கோங்க!

அவரோட பேண்டுதான் பிளாக் சபாத். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், பாட வர்றதுக்கு முன்னாடி கார் ஹாரன் தயாரிக்கிற ஃபேக்டரியில ஹாரனுக்கு ட்யூன் சரிபார்த்தவர். அப்புறம் மாடு வெட்டற கூடத்துல வேலை. தோல் மண்டிக்கு வர்ற சரக்கு எங்கேர்ந்து கிளம்புதோ, அந்த இடம்! 1969 அக்டோபரில் ஒரே நாள்ல முதல் ஆல்பத்தை ரெக்கார்ட் பண்ணிட்டாங்க. 1970 பிப்ரவரி 13-ம் தேதி, வெள்ளிக்கிழமை ரிலீஸ். 55 வருஷம் கழிச்சு 2025 ஜூலை 5-ம் தேதி, அதே நாலு பேரும் தாங்க வளர்ந்த ஆஸ்டன் ஏரியா வில்லா பார்க் ஸ்டேடியத்துல கடைசி ஷோ வாசிச்சாங்க. நிக்க முடியாம நாற்காலியில உட்கார்ந்தபடி பாடின ஆஸி, 17 நாள் கழிச்சு ஜூலை 22-ல் இறந்துபோனார்.

சேணம் தைக்கிற ஊர்

இப்போ பர்மிங்காம்லேர்ந்து கொஞ்ச தூரம் போனா வால்சால். அதை இங்கிலாந்தின் ஆம்பூர்னே சொல்லலாம். குதிரைச் சேணம், கடிவாளம், தோல் பைக்குப் பேர் போன ஊர். லோக்கல் ஃபுட்பால் டீமோட பட்டப்பேர் 'சாட்லர்ஸ்', அதாவது சேணக்காரங்க. தோலுக்குன்னே தனியா மியூசியம் வெச்சிருக்காங்க. (நம்ம ஊர்லேயும் பேர்ல தோல் ஒட்டிக்கிட்ட இடம் உண்டு. குரோம் லெதர் கம்பெனி இருந்ததாலதான் சென்னையில அந்த ஏரியாவுக்கு குரோம்பேட்டைனு பேர் வந்தது.)

அந்த வால்சால்ல வளர்ந்த பையன்தான் ராப் ஹால்ஃபோர்ட். ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர். அதுக்கு முன்னாடி மெட்டல் பேண்டுங்க மேடைக்கு வர்றதைப் பார்த்தா ஹிப்பி கோஷ்டி மாதிரி இருக்கும். பெல்பாட்டம், பூப்போட்ட சட்டை, சாட்டின் துணி. 1978 வாக்குல ஹால்ஃபோர்ட் லண்டன் கடையிலேர்ந்து கறுப்பு லெதரும் ஆணி பதிச்ச பெல்ட்டும் வாங்கி மாட்டிக்கிட்டு, ஹார்லி டேவிட்சன் பைக்ல மேடை ஏறினார். அன்னியிலேர்ந்து மெட்டல்னா லெதர்!

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. ஹால்ஃபோர்ட் தன்பாலின ஈர்ப்பாளர். பைக் ஓட்டறவங்ககிட்டேயும், தன்பாலின ஈர்ப்பாளர் கிளப்புகள்லேயும் புழங்கின அந்த டிரெஸ்ஸைத்தான் உலகத்துல இருக்கிற அத்தனை 'ஆம்பளை சிங்கம்' ரசிகர்களும் யூனிஃபார்மா போட்டுக்கிட்டாங்க. 1998-ல் டி.வி. பேட்டியில் அவர் தன்னைப் பத்தி வெளிப்படையாச் சொன்னப்ப, ரசிகர்கள் யாரும் டி-ஷர்ட்டைக் கழட்டி எறியலை. 2003-ல் பிரீஸ்ட் பேண்டுக்குத் திரும்பி வந்தார். இன்னும் பாடிக்கிட்டிருக்கார்.

'அப்போ நாங்களும் லெதர் ஜாக்கெட் வாங்கணுமா?' வேணவே வேணாம். மே மாச வேலூர் வெயில்ல அதைப் போட்டுக்கிட்டு நடந்தா, கச்சேரி ஆஸ்பத்திரியிலதான். ஆம்பூர்ல தயாராகறதும் பெரும்பாலும் ஷூவும் ஷூவுக்கான அப்பரும்தான். கறுப்பு டி-ஷர்ட் போதும். ஆனா ஆப்பிரிக்காவுல போட்ஸ்வானான்னு ஒரு நாடு. கலஹாரி பாலைவன பூமி. மாடு வளர்க்கறது பெரிய தொழில். அங்கே ஸ்கின்ஃப்ளின்ட், ரஸ்ட், ஓவர்த்ரஸ்ட்னு மெட்டல் பேண்டுங்க இருக்கு. அவங்க ரசிகர்கள் தலையிலேர்ந்து கால் வரைக்கும் லெதர், கௌபாய் தொப்பி, சங்கிலி சகிதமா வெயில்ல நடந்து வர்ற போட்டோக்களைத் தேடிப் பாருங்க. சும்மா மிரட்டலா இருக்கும்!

எடியும் துரியோதனனும்

'ஏண்டா இப்படிக் கத்தறான்? பேய் பிடிச்சிருக்கா?' வீட்டுல ஸ்பீக்கர்ல மெட்டல் போட்டா முதல் டயலாக் இதுதான். அம்மாகிட்ட சண்டைக்குப் போகாதீங்க. நைஸா தெருக்கூத்தை ஞாபகப்படுத்துங்க.

வட ஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்கள்ல பாரதம் நடக்கும்போது ராத்திரி முழுக்கக் கூத்து. கட்டை கட்டிக்கிட்டு, முகம் பூரா அரிதாரம் பூசி, அடித்தொண்டையில பாடிக்கிட்டே கிர்ர்ருனு சுத்துவாங்க. மைக் இல்லாத காலத்துலேயே கடைசி வரிசைக்குக் கேட்ட குரல். கடைசியில படுகளம். தரையில களிமண்ணால பிரமாண்டமான துரியோதனன் படுத்திருப்பான். பீமன் வந்து தொடையைப் பிளப்பான். சுத்தி நிக்கிற சனத்துக்கு அருள் வரும். பம்பையும் உடுக்கையும் ஏற ஏற நமக்கே கை கால் சும்மா இருக்காது.

இப்போ அயர்ன் மெய்டன் ஷோவுக்கு வாங்க. ஒரு கட்டத்துல மேடைக்குப் பின்னாடியிலேர்ந்து எடி வருவான். டெரெக் ரிக்ஸ் என்கிற ஓவியர் வரைஞ்சு, 1980-ல் வந்த முதல் ஆல்பம் அட்டையிலேர்ந்து கூடவே இருக்கிற எலும்புக்கூட்டு அரக்கன். ஆளுயரத்துக்கு மேல நின்னுக்கிட்டு கிடாரிஸ்ட்டோட சண்டை போடுவான். அவங்க எடியைப் பார்த்து ஆர்ப்பரிக்கறதும் நம்ம ஆளுங்க துரியோதனனைச் சுத்தி ஆர்ப்பரிக்கறதும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. நம்ம படுகளம்தான் ஒரு படி மேலன்னுகூடச் சொல்வேன். அங்கே ரசிகர் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்கணும். இங்கே களத்துக்குள்ளேயே நிக்கலாம்.

நூல் பிடிச்சுப் போங்க

சரி, மியூசிக் நம்மளுதுன்னு ஆயிடுச்சு. அடுத்து, எதைக் கேக்கறது? ரெண்டு மெட்டாலிகா பாட்டு கேட்டுட்டு, ஆப் தள்ளி விடறதையே கேட்டுக்கிட்டிருந்தா, மூணு வருஷம் கழிச்சும் அதே பத்துப் பாட்டுலதான் சுத்திக்கிட்டிருப்பீங்க. அது உங்களுக்குப் பிடிச்ச மாதிரியே இன்னொண்ணைத்தான் காட்டும். பிடிக்காத ஒண்ணை மூணு தடவை கேட்டு, நாலாவது தடவை 'அடப்பாவி!'னு நிமிர்ந்து உட்கார்ற சுகம் அதுக்குத் தெரியாது.

பழைய ஆளுங்க எப்படிப் பிடிச்சாங்கன்னு பாருங்க. 1981 கோடையில லார்ஸ் அல்ரிக் என்கிற 17 வயசுப் பையன், அமெரிக்காவுலேர்ந்து ஃபிளைட் பிடிச்சு இங்கிலாந்துக்கு வந்தான். எதுக்கு? டைமண்ட் ஹெட்னு ஒரு பேண்டைப் பார்க்க. ஷோ பார்த்தான், பேசினான், அப்படியே அவங்களோடவே தங்கிட்டான்! ஊருக்குத் திரும்பி அதே வருஷம் ஆரம்பிச்ச பேண்டுதான் மெட்டாலிகா. அந்தக் காலத்துல உலகம் பூரா பசங்க கேசட்டுல காப்பி எடுத்து, தபால்ல ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிப்பாங்க. ஸ்வீடன்லேர்ந்து ஒரு கவர் பிரேசிலுக்குப் போகும். இந்த கேசட் பண்டமாற்றுலதான் பாதி பேண்டுங்க வெளியே தெரிஞ்சுது.

நீங்க பிடிக்க வேண்டிய முதல் நூல் அதுலேயே இருக்கு. உங்களுக்குப் பிடிச்ச பேண்ட் யாரோட பாட்டைத் திரும்ப வாசிச்சிருக்குன்னு பாருங்க. 1998-ல் மெட்டாலிகா 'கராஜ் இங்க்'னு ரெண்டு சிடி ஆல்பம் போட்டுச்சு. முழுக்க முழுக்க அடுத்தவங்க பாட்டு. டைமண்ட் ஹெட், மெர்சிஃபுல் ஃபேட், மிஸ்ஃபிட்ஸ், பட்ஜி, தின் லிஸி... மெட்டாலிகாவோட ஹோம்வொர்க் நோட்டையே நமக்குக் கொடுத்த மாதிரி. ஒவ்வொரு பேரையும் தேடிப் போனீங்கன்னா ஒரு செமஸ்டர் ஓடிடும். அந்த டைமண்ட் ஹெட் எந்த ஊர் தெரியுமா? ஸ்டவர்பிரிட்ஜ். அதுவும் பர்மிங்காம் பக்கத்துலதான்!

இதுலேர்ந்து அடுத்த நூல்: ஊர். பேண்டைப் பிடிச்சா அதோட ஊரைப் பிடிங்க. பர்மிங்காம் பக்கத்தையே எடுத்துக்கிட்டா சபாத், பிரீஸ்ட், காட்ஃப்ளெஷ், நேபாம் டெத். இந்தக் கடைசி பார்ட்டிங்க ஒண்ணேகால் செகண்ட் சொச்சத்துல முடியற பாட்டைப் போட்டு கின்னஸ்ல ஏறினவங்க. கொட்டாவி விடறதுக்குள்ள பாட்டு முடிஞ்சிடும். ஸ்வீடன்ல கோத்தன்பர்க்னு ஒரு துறைமுக ஊர். அங்கே அட் த கேட்ஸ், இன் ஃப்ளேம்ஸ், டார்க் ட்ராங்க்விலிட்டி மூணும் ஒரே காலத்துல கிளம்பினாங்க. ஒண்ணு பிடிச்சா மத்த ரெண்டும் பிடிக்க எண்பது பர்சன்ட் சான்ஸ். இது என் சொந்தக் கணக்கு, சண்டைக்கு வராதீங்க.

மூணாவது நூல் நிறையப் பேர் கவனிக்காதது. ஆல்பத்தைப் பதிவு பண்ணின ஆள் யாரு, ஸ்டூடியோ எதுன்னு பாருங்க. பிரேசிலோட செபுல்டூரா 1991-ல் 'அரைஸ்' ஆல்பத்தை அமெரிக்காவுல, ஃப்ளோரிடாவின் மோரிசவுண்ட் ஸ்டூடியோவுல ஸ்காட் பர்ன்ஸோட பண்ணினாங்க. அந்தப் பேரை வெச்சுத் தேடினா டெத், ஒபிச்சுவரி, கேனிபல் கார்ப்ஸ்னு வரிசையா வந்து விழும். டைரக்டருக்காகப் படம் பார்க்கற ஊர் நம்ம ஊர். இளையராஜா பேரைப் பார்த்தே கேசட் வாங்கின ஊர். நமக்கு இது கஷ்டமே இல்ல.

டி-ஷர்ட்டையும் விடாதீங்க. போட்டோவுல உங்க ஹீரோ எந்த பேண்ட் டி-ஷர்ட் போட்டிருக்கார்னு ஜூம் பண்ணுங்க. மெட்டாலிகா ஆளுங்க மிஸ்ஃபிட்ஸ் டி-ஷர்ட்டைப் போட்டுத் திரிஞ்சதுலதான் அந்த பேண்டை ஒரு தலைமுறையே தேடிப் பிடிச்சுது.

நம்ம நாட்டுக்கு வந்தா, தேடற பசங்களுக்கு ரொம்ப நாள் கை கொடுத்தது ஒரு பத்திரிகை. 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்'. மும்பையோ பெங்களூரோ இல்ல, 1993-ல் அலகாபாத்துலேர்ந்து அமித் சைகலும் ஷேனா கமாத்தும் ஆரம்பிச்சது. ஊர் ஊரா பேண்டுங்களைத் தேடி எழுதி, 'கிரேட் இந்தியன் ராக்'னு விழாவே நடத்தினாங்க. 2012 ஜனவரியில கோவா கடல்ல மூழ்கி அமித் சைகல் இறந்தப்ப, இந்தியாவுல கிடார் பிடிச்ச அத்தனை பேரும் கலங்கிட்டாங்க. அலகாபாத்துல உட்கார்ந்து பண்ண முடிஞ்சதுன்னா குடியாத்தத்துல உட்கார்ந்து பண்ண முடியாதா என்ன?

எங்கே ஆரம்பிக்கன்னா... பெங்களூர்ல 1998-லிருந்து பழைய ஸ்டைலை விடாம வாசிக்கிற கிரிப்டோஸ். மும்பையின் டெமோனிக் ரெசரக்‌ஷன், பயானக் மௌத். டெல்லியின் பிளட்டிவுட், இந்தி ராப், தோல், பாங்க்ரா எல்லாத்தையும் மெட்டலோட கலந்து 2019-ல் ஜெர்மனி வரைக்கும் போய் அடிச்சாங்க. (இந்தத் தோல், மேளம்!) நம்ம தமிழ் வாசனை வேணும்னா சிங்கப்பூருக்குப் போங்க. 1992-ல் அங்கே ஆரம்பிச்ச ருத்ரா. பேஸ் கிடார் வாசிச்சு உறுமறவர் பேரு கதிர். சமஸ்கிருத ஸ்லோகமும் வேதாந்தமும் டெத் மெட்டல் வேகத்துல வரும். தாத்தாவுக்குப் போட்டுக் காட்டுங்க, ரெண்டு வரி அவருக்குப் புரிஞ்சாலும் ஆச்சரியமில்ல.

ரெண்டு சிட்டிக்கு நடுவுல

தோல் பெல்ட்டுக்காரங்களுக்கு ஒரு லக் உண்டு. மேப்பைப் பாருங்க. சென்னை - பெங்களூர் ரயில் ரூட்ல காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டைனு வரிசையா உட்கார்ந்திருக்கீங்க. இந்தப் பக்கமும் ஷோ, அந்தப் பக்கமும் ஷோ!

2007 மார்ச் 17. பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ்ல அயர்ன் மெய்டன். இந்தியாவுல அவங்களோட முதல் ஷோ. அதுக்கு முன்னாடி அவ்வளவு பெரிய மெட்டல் பேண்ட் ஃபுல் ஃபார்ம்ல இங்கே வந்ததில்ல. நாடு முழுக்கப் பசங்க ரயில் ஏறினாங்க. 2009-ல் சென்னை ஐ.ஐ.டி. 'சாரங்' விழாவுல ஸ்வீடனின் ஓபெத். ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸ் மேடையில உலகத்தரமான மெட்டல் பேண்ட்! 2011 அக்டோபர்ல மெட்டாலிகா. குர்கான் ஷோ கடைசி நேரத்துல கேன்சலாகி ரசிகர்கள் ரகளை பண்ண, ரெண்டு நாள் கழிச்சு அக்டோபர் 30-ல் பெங்களூர்ல வாசிச்சாங்க.

2012-ல் ஆரம்பிச்ச 'பெங்களூர் ஓப்பன் ஏர்' விழாவை நோட் பண்ணி வெச்சுக்கோங்க. அதுக்கு ஜெர்மனியின் வாக்கன் விழாவோட தொடர்பு இருக்கு. இங்கே நடக்கிற பேண்ட் போட்டியில ஜெயிச்சா வாக்கன் மேடைக்கு வழி திறக்கும். வாக்கன்னா என்னமோ பெரிய சிட்டினு நினைக்காதீங்க. சுமார் 2,000 பேர் வாழற கிராமம். மாடு மேயற வயல்ல 1990-லிருந்து நடக்குது. இப்போ அந்த நாலு நாள்ல 80 ஆயிரம் பேர் வந்து குவியறாங்க.

ஒரே ஒரு அட்வைஸ், அதுவும் காதுக்காக. ஸ்பீக்கர் பக்கத்துல நிக்கிறதுதான் வீரம்னு நிக்காதீங்க. ஷோ முடிஞ்சும் காதுல 'ஙொய்ங்'னு சத்தம் நிக்காம இருந்தா, அது காது வலிக்குதுன்னு அழற சத்தம். சத்தமான மெஷின் பக்கத்துல வேலை செய்யறவங்க போடற இயர் பிளக் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும். போட்டுக்கிட்டாலும் பாட்டு நல்லாவே கேக்கும். கெத்து ஒண்ணும் குறையாது.

பாலாற்றுக்கு யாராவது சுருதி இறக்குங்க

ஆரம்பத்துல சொன்ன கெமிஸ்ட்ரி மேட்டருக்கு வரேன். இது ஜாலி மேட்டர் இல்ல.

1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு கொடுத்தது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்கு. டேனரிக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்துடுச்சு, சம்பந்தப்பட்ட ஒவ்வொரு டேனரியும் 10,000 ரூபாய் அபராதம் கட்டணும், கெடுத்தவங்கதான் சரி பண்ற செலவை ஏத்துக்கணும்னு சொன்னாங்க. லா காலேஜ்ல இன்னிக்கும் இது பாடம். 2025 ஜனவரியில இதே பாலாற்றுக்காக சுப்ரீம் கோர்ட் திரும்பவும் உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவுல 2015 ஜனவரிக் கடைசியில ஒரு ராத்திரி, ராணிப்பேட்டை சிப்காட்டுல கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, பக்கத்துல தூங்கிக்கிட்டிருந்த தொழிலாளிங்க 10 பேர் சேத்துல மூழ்கிச் செத்தாங்க. ஆத்தைக் காப்பாத்தணும்னு சொல்றவங்க வீட்டுலேயே ரெண்டு பேர் ஷூ கம்பெனி சம்பளத்துல இருப்பாங்க. காலேஜ் ஃபீஸே அந்தச் சம்பளம்தான். இந்தச் சிக்கலை மேடையில நாலு வரி கோஷமாச் சொல்லிட முடியாது. கோபமும் வேணும், கூச்சமும் வேணும், அழுகையும் வேணும்.

மெட்டலுக்கு இது கைவந்த கலை. ஃபிரான்ஸின் கோஜிரா வருஷக்கணக்கா காடு, கடல், பூமி பத்தியே உறுமிக்கிட்டிருக்கிற பேண்ட். 2021-ல் அமேசான் காட்டுக்காக ஒரு பாட்டு போட்டு, அந்த மண்ணின் பழங்குடி மக்களோட அமைப்புக்கு நிதி திரட்டினாங்க. 2024 ஜூலை 26-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவுல வாசிச்சதும் அவங்கதான். மங்கோலியாவின் த ஹு, தங்க மொழியிலேயே, தங்க வாத்தியத்தை வெச்சே அடிச்சு உலகம் சுத்தறாங்க. இவ்வளவு தூரம் எதுக்கு, கேரளாவுல கண்ணூர் பசங்க த டவுன் ட்ராடன்ஸ், தங்க ஊர் அரசியல் வெட்டுக்குத்தையும் தெய்யம் மண்ணையும் மெட்டல்ல கொண்டாந்தாங்க. 2014-ல் வந்த ஆல்பம், தேடிக் கேளுங்க.

எனக்கு ஒரு பாட்டு கேக்கணும். பாலாற்றைப் பத்தி, தமிழ்ல, வேலூர்ப் பேச்சுல. கிடாரை மூணு அரைஸ்வரம் இறக்கிக்கோங்க. டிரம்ஸ் வாங்கக் காசில்லையேன்னு யோசிக்கிறீங்களா? தோல் ஷாப்புக்குள்ள எட்டிப் பாருங்க. ஆளை விடப் பெரிய மர டிரம், தோலும் தண்ணியும் கெமிக்கலுமா உருட்டிக்கிட்டு மணிக்கணக்குல சுத்தும். 'தொப்... தொப்...'னு ஒவ்வொரு சுத்துக்கும் ஈரத்தோல் மேலேர்ந்து விழற சத்தம். அதைவிட ஸ்லோவான, அதைவிட ஹெவியான பீட்டை எந்த பேண்டும் அடிச்சு நான் கேட்டதில்ல.

செல்போன்லேயே ரெக்கார்ட் பண்ணிடலாம். உள்ளே யாராவது தெரிஞ்ச அண்ணன்கிட்ட சொல்லிட்டுப் போங்க. பகல்ல போனா ஹைவே லாரி ஹாரன் குறுக்கே வரும், ராத்திரி ஷிஃப்ட் பெட்டர். வார லீவு அன்னிக்குப் போயிடாதீங்க, டிரம் சுத்தாது.